இடப்பக்கம் இரண்டு புகைபோக்கிகள்

ஃபின்ஸ்பரி பார்க் நிலையத்தைத் தாண்டி ரயில் வேகம் பிடிக்கும் இடத்தில் மகள் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினாள்.

“இங்கதாம்ப்பா. இந்தச் செவுத்துக்குப் பக்கத்துல. மூணு மணி நேரத்துக்கு மேல உட்கார்ந்திருந்தோம்.”

மழையிலும் புகையிலும் கறுத்துப்போன செங்கல் சுவர். அதன் இடுக்கில் வேர்விட்டு ஊதாப் பூக்களோடு தொங்கும் ஒரு செடி. நாலைந்து ஜோடித் தண்டவாளங்கள். நான் எழுந்து நின்று, அந்த இடம் கண்ணைவிட்டு மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

2019 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை. ஐந்து மணி அடிக்க எட்டு நிமிடம் இருக்கும்போது எல்லாம் தொடங்கியது. வார இறுதிக்காக அலுவலகத்திலிருந்து சீக்கிரமே கிளம்பியவர்களால் ரயில் நிறைந்திருந்தது. ஓடிக்கொண்டிருந்த ரயில் மெல்ல நின்றது. கூடவே ஏசியும் நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த கர்ப்பிணிப் பெண்ணுக்கு மகள் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டாள். கடைசியில் ஏணி வைத்து இறக்கி, தண்டவாள ஓரமாக வரிசையாக நடக்கவைத்துக் கூட்டிப்போனார்கள். வீடு சேர்ந்ததும் எனக்குப் போன் செய்தாள். மன்னார்குடியில் அப்போது நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. “லண்டன்ல கரண்ட் போயிடுச்சுப்பா” என்றாள், தானே நம்பாதவள் போல.

“ஃப்ரீக்வென்சி எவ்வளவுக்கு எறங்குச்சாம்?” என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அறிக்கைகள் வந்தபோது எண் கிடைத்தது: 48.8 ஹெர்ட்ஸ்.

இருபத்தாறு வருடம் எரிவாயு டர்பைன் நிலையத்தின் கண்ட்ரோல் ரூமில் ஷிப்ட் பார்த்தவன் நான். அந்த எண்ணைப் பார்த்த நாளிலிருந்தே இந்த ரயிலில் ஒரு நாள் போகவேண்டும் என்று மனசில் இருந்தது. ஓய்வு பெற்று, மகள் வீட்டுக்கு வந்து, இப்போதுதான் வாய்த்தது. அன்றைக்கு நடந்ததில் பெரும்பகுதி ஒரே ரயில் பாதையை ஒட்டி நடந்தது என்பதுதான் இந்தப் பயணத்தின் விசேஷம். ரயில்கள் நின்ற இடம், மின்னல் விழுந்த லைனின் ஒரு முனையான வைமண்ட்லி, மறுமுனையான ஈட்டன் சோகன், அங்கிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் லிட்டில் பார்ஃபோர்டு எரிவாயு மின்நிலையம் எல்லாம் லண்டனிலிருந்து வடக்கே பீட்டர்பரோ போகும் வழியில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒரு மணி நேரப் பயணம்.

வெலின் ஊருக்கு அருகே ரயில் ஒரு உயர்ந்த செங்கல் பாலத்தின் மேல் போகிறது. நாற்பது வளைவுகள், 1850இல் திறந்தது. கீழே மிம்ரம் என்ற சின்ன ஓடை, வயல்கள், ஆட்டு மந்தை. மகள் படம் எடுத்தாள். நான் தலைக்கு மேலே போகும் 25,000 வோல்ட் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ரயிலை ஓட்டும் மின்சாரமும் வீட்டுக்குப் போகும் அதே கிரிட்டிலிருந்து, அதே 50 ஹெர்ட்ஸில்தான் வருகிறது.

ஃப்ரீக்வென்சி என்றால் என்ன என்று மகள் பள்ளிக்கூட நாளில் கேட்டபோது நான் சொன்ன பதிலை அவள் இன்னும் மறக்கவில்லை. அறுவடை முடிந்த களத்தில் மாடு கட்டிப் போரடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அது சட்டென்று விளங்கும். நாலைந்து மாடுகளை ஒரே கயிற்றில் பிணைத்துச் சுற்றவிடுவார்கள். பிணையல் மாடு என்போம். கயிறு ஒன்று என்பதால் எல்லா மாடும் ஒரே நடைதான் நடக்க முடியும். ஒரு மாடு கால் மடங்கி விழுந்தால், அதன் பாரம் மற்ற மாடுகளின் கழுத்தில் ஏறும். மொத்தப் பிணையலும் தளரும். ஒரு கிரிட்டில் இணைந்த ஜெனரேட்டர்களும் அப்படித்தான். பெரிய டர்பைன்கள் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் 50 ஹெர்ட்ஸ். நாட்டில் எங்கோ ஒரு நிலையம் விழுந்தால், நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் மெஷினின் சுற்றும் அதே கணத்தில் குறையத் தொடங்கும்.

அப்போது உதவிக்கு வருவது கவர்னர். வேகம் குறைந்தால் எரிவாயு வால்வைத் திறக்கும், கூடினால் மூடும். எவ்வளவு திறப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு, ட்ரூப் என்போம். 4 சதவீத ட்ரூப் என்றால், 50இல் 4 சதவீதமான 2 ஹெர்ட்ஸ் இறங்கினால் மெஷினின் முழுத் திறனும் கேட்கப்படும். அரை ஹெர்ட்ஸ் இறங்கினால் திறனில் கால்வாசி. எல்லா மெஷினும் இந்த ஒரே கணக்கில் ஓடினால், விழுந்த பாரத்தை அததன் சக்திக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ளும். யாரும் யாருக்கும் போன் போடவேண்டாம். சுற்றும் வேகமே செய்தி. என் தொழிலில் நான் கண்ட ஆகச் சிறந்த ஏற்பாடு இதுதான் என்று இன்றும் சொல்வேன்.

ஸ்டீவனேஜ் தாண்டியதும் மின்கோபுரங்கள் தெரிய ஆரம்பித்தன. கோதுமை வயல்களின் மேலே கைகளை விரித்துக்கொண்டு வரிசையாக நடக்கின்றன. வைமண்ட்லி துணைமின்நிலையம் இந்தப் பக்கம்தான். அங்கிருந்து ஈட்டன் சோகன் போகும் 400 கிலோவோல்ட் லைனில், அன்று மாலை 4 மணி 52 நிமிடம் 33ஆவது விநாடியில் மின்னல் விழுந்தது.

லைனில் மின்னல் விழுவது சாதாரண விஷயம். பாதுகாப்பு ரிலே பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் லைனைத் துண்டித்தது. இருபது விநாடியில் லைன் தானாகவே மறுபடி இணைந்துகொண்டது. அந்த வேலை அப்பழுக்கில்லாமல் நடந்தது. ஆனால் அந்தச் சின்ன அதிர்ச்சியில் வேறு இரண்டு இடங்களில் பிடி நழுவியது. வட கடலில் அப்போதுதான் கட்டி முடிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஹார்ன்சீ காற்றாலைப் பண்ணை 799 மெகாவாட் கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் வோல்டேஜ் கட்டுப்பாடு ஊசலாடி, ஒரு விநாடிக்குள் 737 மெகாவாட் மறைந்தது. ஏறக்குறைய அதே கணத்தில் லிட்டில் பார்ஃபோர்டின் நீராவி டர்பைன் ட்ரிப் ஆனது, அதாவது தற்காப்புக்காகத் தானே நின்றுகொண்டது. 244 மெகாவாட். வீட்டுக் கூரைகளிலும் சிறு ஆலைகளிலும் இருந்த உள்ளூர் மின்னாக்கிகள் தங்கள் தற்காப்பு ரிலேக்களால் தாமாகவே விலகிக்கொண்டன. அது ஒரு 500 மெகாவாட். கூட்டிப் பாருங்கள்: 1,481. அன்றைக்கு நாட்டின் கிரிட் நிர்வாகம் கையில் வைத்திருந்த அவசரக் கையிருப்பு சுமார் 1,000 மெகாவாட்.

கையிருப்பு ஒன்றும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. அதில் 472 மெகாவாட் பேட்டரிகள். மீதியில் கவர்னரைத் திறந்து வைத்துச் சுற்றிக்கொண்டிருந்த டர்பைன்கள் முக்கியமானவை. எல்லோரும் ஒப்புக்கொண்டதை முழுசாகக் கொடுக்கவில்லை என்று பிறகு கண்டுபிடித்தார்கள். ஆனாலும் பாருங்கள், 25 விநாடியில் சரிவு 49.1இல் நின்றுவிட்டது. மெல்ல 49.2க்கு ஏறவும் தொடங்கியது. அந்தப் பதிவின் கோட்டை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த ஏற்றத்தைப் பார்க்கும்போது, பிழைத்துவிட்டார்கள் என்றே தோன்றும்.

பிழைக்கவில்லை. மின்னல் விழுந்து ஒரு நிமிடம் ஆனபோது லிட்டில் பார்ஃபோர்டில் ஒரு எரிவாயு டர்பைனும் போனது. 210 மெகாவாட். கையிருப்பு அதற்குள் தீர்ந்திருந்தது. மேலும் பதினெட்டு விநாடியில் ஃப்ரீக்வென்சி 48.8ஐத் தொட்டது. அங்கே தானியங்கி ரிலேக்கள் லோடை வெட்டின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஸ்காட்லாந்தின் சில பகுதிகளிலும் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் இருட்டில். நியூகாஸில் விமான நிலையம் அதில் ஒன்று. வெட்டப்பட்டது 931 மெகாவாட்.

சாண்டி நிலையத்தில் எங்கள் பெட்டி பாதி காலியானது. மகள் தன் சந்தேகத்தைக் கேட்டாள். “அப்ப ரயிலுக்கு கரண்ட்ட நிறுத்திட்டாங்களா?”

இல்லை. அதுதான் இந்தக் கதையில் மனசைப் பிசையும் இடம். ரயில் பாதைக்கு மின்சாரம் நிற்கவே இல்லை. மேலே கம்பியில் முழு வோல்டேஜ் இருந்தது. ஆனால் 700, 717 என்ற இரண்டு வகைப் புதிய ரயில்களில், ஃப்ரீக்வென்சி 49க்குக் கீழே இறங்கினால் மோட்டாரை நிறுத்திக்கொள்ளும்படி மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. குறுகிய நேரத்துக்கு 48.5 வரை தாங்க வேண்டும் என்பதுதான் விதி. சுமார் அறுபது ரயில்கள் ஒரே நேரத்தில் நின்றன. பழைய மென்பொருள் இருந்தவற்றை ஓட்டுநரே மறுபடி கிளப்பிவிட்டார். புதிய மென்பொருள் ஏற்றியவற்றுக்கு மடிக்கணினியோடு ஒரு டெக்னீஷியன் நேரில் வந்தாக வேண்டியிருந்தது. நின்ற ரயிலுக்குப் பின்னால் நின்ற ரயில். டெக்னீஷியன் எப்படி வருவார்? கிரிட் 4 மணி 57 நிமிடத்துக்கே 50 ஹெர்ட்ஸுக்குத் திரும்பிவிட்டது. 5 மணி 37க்கு கடைசி வீட்டுக்கும் மின்சாரம் வந்துவிட்டது. என் மகள் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் அதற்குப் பிறகும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கிறாள்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. “அஞ்சு நிமிஷமா?” என்று மட்டும் கேட்டாள்.

சாண்டி தாண்டிச் சில நிமிடங்களில், ரயிலின் இடப்பக்கம், மரங்களுக்கு மேலே இரண்டு புகைபோக்கிகள் எழுந்தன. சாம்பல் நிறக் கட்டடங்கள், குளிர்விப்பான் வரிசை, மின்முற்றம். ஒரு இருபது விநாடி. போய்விட்டது. ரயிலில் அதை ஏறிட்டுப் பார்த்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

செயின்ட் நியோட்ஸில் இறங்கி, ஊருக்குள் நடந்து, கிரேட் ஊஸ் ஆற்றங்கரைக்கு வந்தோம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அன்னங்கள், துடுப்புப் படகுகள், ஐஸ்கிரீம் வண்டி. ஆற்றின் மறுகரை ஈட்டன் சோகன். தெற்கே திரும்பிக் கரையோரமாக நடந்தால் ஒரு வெட்டவெளியில், தூரத்தில், மறுபடி அந்த இரண்டு புகைபோக்கிகள். ஒன்றின் வாயில் மட்டும் காற்று கானலாகத் துடித்தது. இயற்கை எரிவாயு எரிந்தால் கண்ணுக்குப் புகை தெரியாது. அந்தத் துடிப்புதான் அடையாளம். ஒரு மெஷின் ஓடுகிறது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம். மகள் தன் செல்போனில் நாட்டின் ஃப்ரீக்வென்சியைக் காட்டும் ஒரு பக்கத்தைத் திறந்து என்னிடம் கொடுத்தாள். 49.97. 49.94. 50.01. எதிரே தெரிகிற மெஷினின் நாடித்துடிப்பு என் உள்ளங்கையில்.

எங்கள் பழைய கண்ட்ரோல் ரூமில் ஃப்ரீக்வென்சி மீட்டர் என்பது ஒரு வரிசை மெல்லிய உலோகத் தகடுகள். நுனியில் வெள்ளைப் பெயின்ட். ஒவ்வொரு தகடும் ஒரு ஃப்ரீக்வென்சிக்கு மட்டும் நடுங்கும். 50 என்று எழுதிய தகடு நடுங்கினால் எல்லாம் நலம். சாயங்காலம் ஆறரை மணிக்கு ஊரெல்லாம் விளக்கு போடும்போது நடுக்கம் மெல்ல இடப்பக்கம் நகரும். 49.5. 49. 48.5. பக்கத்துத் தகட்டுக்கு மாறும் நேரத்தில் இரண்டுமே அரைகுறையாக நடுங்கும். தொண்ணூறுகளில் தென்னிந்திய கிரிட் 48.5க்குக் கீழே மணிக்கணக்கில் ஓடிய நாட்கள் உண்டு. 2003 ஜனவரியில் ஃப்ரீக்வென்சியோடு விலையைக் கட்டிய புதிய கட்டண முறை வந்த பிறகுதான் அது அடங்கியது. லண்டன் ரயில்களை நிறுத்திய 48.8, எங்களுக்கு அன்றாடச் சாயங்காலம். அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த வருடங்களில் எங்கள் டர்பைன் பிளேடுகள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தவன்.

எரிவாயு டர்பைனுக்கு ஃப்ரீக்வென்சி குறைவது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். அதன் காற்றழுத்தி, அதாவது கம்ப்ரஸர், டர்பைனோடு அதே தண்டில் சுற்றுகிறது. கிரிட்டின் வேகம் குறைந்தால் கம்ப்ரஸரின் வேகமும் குறையும். உள்ளே வரும் காற்று குறையும். அந்த நேரத்தில் கவர்னரோ “இன்னும் எரிவாயு கொடு” என்கிறது. காற்று குறைந்து எரிவாயு கூடினால் சூடு ஏறும். சூடு எல்லை தாண்டினால் பிளேடு உருகும். அதனால் கட்டுப்பாட்டுக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வேகத்தைப் பார்க்கிறவர். ஒருவர் வேகம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்கிறவர். இன்னொருவர் புகைவாயின் சூட்டைப் பார்க்கிறவர். மூவரும் ஆளுக்கொரு எரிவாயு அளவைச் சொல்வார்கள். யார் சொன்னது ஆகக் குறைவோ அதுதான் வால்வுக்குப் போகும். சாதாரண நேரத்தில் வேகத்தைப் பார்க்கிறவர் பேச்சு நடக்கும். முழு லோடில் ஓடும் மெஷினில் ஃப்ரீக்வென்சி விழுந்தால், ஒரே கணத்தில் நாற்காலி சூட்டைப் பார்க்கிறவரிடம் போய்விடும். அவர் எரிவாயுவைக் குறைப்பார். கிரிட் கைநீட்டிக் கேட்கும் நேரத்தில் மெஷின் கொடுப்பதைக் குறைக்கும். ஃப்ரீக்வென்சி இன்னும் இறங்கும்; காற்று இன்னும் குறையும்.

1996 ஆகஸ்ட் 3 அன்று மலேசியத் தீபகற்பம் முழுக்க இருண்டபோது, எரிவாயு டர்பைனும் நீராவி டர்பைனும் சேர்ந்து ஓடும் கூட்டுச் சுழற்சி நிலையங்களின் இந்தக் குணத்தைப் பொறியாளர்கள் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். பிரிட்டிஷ் கிரிட் விதியிலும் இதற்கென்றே ஒரு வாசகம் இருக்கிறது: 49.5 வரை உற்பத்தி குறையவே கூடாது; 47 வரை இறங்கினாலும் 5 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. அதைச் சாதிக்க, கம்ப்ரஸர் வாயிலில் உள்ள வழிகாட்டித் தகடுகளில் கொஞ்சம் திறப்பை மிச்சம் வைப்பார்கள்; முழு லோடுக்குக் கொஞ்சம் கீழேயே ஓட்டுவார்கள். அந்த மிச்சத்துக்குப் பணம் செலவாகும். அதில் கை வைக்காத நிர்வாகம்தான் நல்ல நிர்வாகம்.

ஆனால் லிட்டில் பார்ஃபோர்டை வீழ்த்தியது இந்தச் சூடு இல்லை. அதனால்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்.

இந்த நிலையத்தில் இரண்டு எரிவாயு டர்பைன்கள், ஒரு நீராவி டர்பைன். எரிவாயு டர்பைனிலிருந்து வரும் 600 டிகிரி புகையை வீணாக்காமல் கொதிகலனுக்குள் விட்டு, நீராவி எடுத்து, அதில் மூன்றாவது மெஷினை ஓட்டுகிறார்கள். நீராவி டர்பைனின் வேகத்தை மூன்று தனித்தனி உணரிகள் அளக்கின்றன. மின்னல் விழுந்த கணத்தில் அந்த மூன்றும் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்லின. தன் வேகமே தனக்குத் தெரியாத மெஷின் ஓடக்கூடாது; ட்ரிப் ஆனது. இரண்டு எரிவாயு டர்பைன்களும் ஓடிக்கொண்டே இருந்தன. அவற்றின் சூடு நீராவியை ஆக்கிக்கொண்டே இருந்தது. குடிக்க டர்பைன் இல்லாத நீராவி, பைபாஸ் வால்வு வழியாக நேரே கண்டென்சருக்குப் போயாக வேண்டும். ஒரு நிமிடம் போலத் தாங்கியது. பிறகு அழுத்தம் எல்லை மீறியது. முதல் எரிவாயு டர்பைன் தானே நின்றது. 27 விநாடி கழித்து, அழுத்தம் இன்னும் அடங்காததைப் பார்த்து, கண்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள் இரண்டாவதைக் கையால் நிறுத்தினார்கள். 187 மெகாவாட்.

அந்தக் கையை நான் குறை சொல்லமாட்டேன். நானும் அதே பொத்தானை அழுத்தியிருக்கிறேன்.

டெல்டாவில் ஒரு நிலையம். பெயர் வேண்டாம். கார்த்திகை மாத மழை இரவு, மணி மூன்று இருக்கும். நீராவி டர்பைன் ட்ரிப். பைபாஸ் வால்வு திறக்க வேண்டும்; திறப்பதற்கு முன் அதைக் குளிர்விக்கும் தண்ணீர் வர வேண்டும். அந்தத் தண்ணீர் வால்வை இயக்கும் காற்றுக் குழாயில் ஈரம் சேர்ந்து அடைத்திருந்தது. எனக்கு வயது முப்பத்தொன்று, ஷிப்டுக்கு நான் பொறுப்பு. பேனலில் இருந்த ஆபரேட்டருக்கு ஐம்பத்தைந்து.

“சார், பைபாஸ் தொறக்கல சார். ட்ரம் பிரஷர் ஏறுது.”

“ஸ்ப்ரே பாருங்கண்ணே, ஸ்ப்ரே வந்துச்சா?”

“வரல சார். வேணாம் சார், அடிச்சிடுங்க சார்.”

பாதுகாப்பு வால்வு பிளந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்காதவர்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. பக்கத்து ஊரில் மாடுகள் கட்டை அறுத்துக்கொண்டு ஓடின. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். எழுபது மெகாவாட் போனது. எங்களால் கிரிட் சாயவில்லை. மழை இரவு, லோடு குறைவு. ஆனால் அந்த வால்வை ஓடும் லோடில் சோதித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சோதனைக்கு உற்பத்தியை நிறுத்த வேண்டும், உற்பத்தியை நிறுத்தினால் மாதக் கணக்கில் இடிக்கும் என்று எங்கள் கடிதம் இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. மூன்றாவது கடிதத்தை நான் எழுதவில்லை. இது என் மனசில் இன்னும் இருக்கிறது.

அதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கிரிட் தடுமாறும்போது ஒரு எரிவாயு டர்பைனிடம் எல்லோரும் எதிர்பார்ப்பது கூடுதல் மெகாவாட். அதைவிடப் பெரிய உதவி, கொடுத்துக்கொண்டிருப்பதை நிறுத்தாமல் நின்ற இடத்தில் நிற்பது. அன்று லிட்டில் பார்ஃபோர்டின் முதல் எரிவாயு டர்பைன் இன்னும் சில நிமிடம் நின்றிருந்தால், ஏறத் தொடங்கியிருந்த அந்தக் கோடு ஏறிக்கொண்டே போயிருக்கும் என்பது என் தீர்மானமான எண்ணம். ஹார்ன்சீ போன பிறகும், கூரைச் சூரியத்தகடுகள் போன பிறகும் கிரிட் 49.2க்குத் திரும்பியது. அதைக் கவிழ்த்தது போக வழியில்லாத நீராவி.

பிறகு எவ்வளவோ செய்தார்கள். காற்றாலையின் மென்பொருளை மறுநாளே மாற்றினார்கள். சிறு மின்னாக்கிகள் அற்பக் காரணத்துக்கு விலகாதபடி ரிலே அளவுகளைத் திருத்தும் வேலை நாடு முழுக்க நடந்தது. ஒரு விநாடிக்குள் உதவிக்கு வரும் பேட்டரிச் சேவையை 2020 அக்டோபரில் தொடங்கினார்கள். வடக்கு வேல்ஸில் டீசைடு என்ற எரிவாயு நிலையத்தின் ஜெனரேட்டர்களை எரிபொருளே இல்லாமல், கிரிட்டின் மின்சாரத்திலேயே வெறுமனே சுற்றவிட்டார்கள். கனமான பொருள் சுற்றிக்கொண்டிருந்தாலே சரிவின் வேகம் மட்டுப்படும். பிணையலில் ஒரு கிழட்டு மாட்டையும் கட்டிவைப்பது போல. அது போரடிக்காது, ஆனால் நடை குலையாமல் பார்த்துக்கொள்ளும்.

இந்த ஆற்றங்கரைக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. 2000களின் தொடக்கத்தில் இதே லிட்டில் பார்ஃபோர்டு வளாகத்தில் ரீஜெனசிஸ் என்ற பெயரில் பிரம்மாண்டமான திரவ பேட்டரி ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். 15 மெகாவாட், எட்டு மணி நேரம் கொடுக்கக்கூடியது. 2003இல் முடிக்காமலே கைவிட்டார்கள். காலத்துக்கு முன்னால் பிறந்த குழந்தை. பதினாறு வருடம் கழித்து அந்த மாலையில் முதலில் ஓடி வந்தவை பேட்டரிகள்தான்.

வெயில் சாய்ந்தது. செல்போனில் 49.89 என்று காட்டியது. வீடுகளில் சமையல் தொடங்கியிருக்கும். மகள் எதிரே கையைக் காட்டினாள். இரண்டாவது புகைபோக்கியின் வாயிலும் காற்று துடிக்க ஆரம்பித்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே எண் 49.93, 49.96 என்று ஏறியது. அந்த ஏற்றம் இந்த ஒரு மெஷினால் வந்தது இல்லை. எங்கெங்கோ எத்தனையோ கவர்னர்கள் வால்வை ஒரு மயிரிழை திறந்திருக்கும். ஆனாலும் கண்ணெதிரே ஒன்றைப் பார்ப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது.

திரும்பும் ரயிலில் அவள் தூங்கிவிட்டாள். சுவர் வந்தபோது நான் எழுப்பவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் மின்நிலையத்தில் ஷிப்ட் பார்க்கும் தம்பி தங்கைகள் இருப்பீர்கள். உங்களிடம் இரண்டு வேண்டுகோள். முழு லோடில் நீராவி டர்பைன் ட்ரிப் ஆனால் உங்கள் பைபாஸ் முழுசாகத் திறக்கிறதா என்று கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்பதைப் பதிவேட்டில் தேடுங்கள். ஒரு வருடம் தாண்டியிருந்தால் கடிதம் எழுதுங்கள். திரும்பி வந்தால் மறுபடி எழுதுங்கள். அடுத்து, இன்றைக்கு ஷிப்ட் முடிந்து கிளம்பும் முன், மூன்று வேக உணரிகளின் பதிவையும் ஒரே திரையில் போட்டு, மூன்று கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றனவா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.